செல்லையா நின்ற படம்

"அண்ணே, அந்தப் பூ மார்க்கெட் படத்தை எப்படிண்ணே எடுத்தீங்க?"

ஆபீஸ் பயல்கள் இன்னமும் என்னை விடுவதாக இல்லை. ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைத்தான் கேட்கிறார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் திண்டுக்கல் பூ மார்க்கெட். கூட்டம் முழுக்கப் புகை மாதிரி ஓடிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மட்டும் தூக்குவாளியோடு கல்லாய் நிற்கும். "இப்பத்தான் போன்லயே இந்த வித்தை வந்திருச்சே, அமுக்கினா தானா கூட்டம் கலைஞ்சிருதே, அப்புறம் என்னத்துக்கு என்னயப் போட்டு நச்சரிக்கிறீங்க?" என்றேன். "நீங்க எழுதுனா ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் நிறையும்ணே" என்றான் ஒருத்தன். உண்மையைப் பட்டென்று போட்டு உடைக்கிறவனை எனக்கு எப்பவுமே பிடிக்கும். அவனுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஆனால் சுவரில் தொங்குகிற படத்தைப் பற்றி மட்டும் எழுத முடியாது. அதற்கு நாலு கிளிக் முன்னால் எடுத்து, உருப்படாது என்று நானே கழித்துப் போட்ட ஒரு படம் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேணும்.

என் படிப்பைச் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் நாலு வருஷம் பிலிம் கழுவினேன், கல்யாண வீடுகளில் லைட் பிடித்தேன், அப்புறம் ஒரு பத்திரிகையின் திண்டுக்கல் ஆபீசில் வந்து ஒட்டிக்கொண்டேன். அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் ஞானப்பிரகாசம் சார் திட்டித் திட்டியே சொல்லிக்கொடுத்தார்.

அவர்தான் எங்களுக்கு மேலதிகாரி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் படம் பார்ப்பார். அப்புறம் கண்ணாடி எதுக்கு என்று கேட்க எவனுக்கும் தைரியம் கிடையாது. மேஜையில் எந்நேரமும் ஒரு பொட்டலம் வறுகடலை இருக்கும். படம் நன்றாக இருந்தால் "இருக்கட்டும்" என்பார். பொட்டலத்தை நம் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்துவார். நான் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பொட்டலம் எனக்காக நகர்ந்தது ஏழெட்டுத் தடவை இருந்தால் பெரிது.

அவரிடம் ரெண்டு சட்டம் உண்டு. ஒன்று, எந்தப் படத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதல் கேள்வி, "ஆளு யாரு?" ஒருதடவை ரயில்வே ஜங்ஷனில் பச்சைக்கொடியோடு நின்ற ஊழியர் ஒருவரை எடுத்தேன். பின்னால் ரயில் கோடு கோடாய் ஓட, கொடி மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். "கொடி நல்லா இருக்கு. ஆளு யாரு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "உனக்காக ஒருத்தன் வேலையை விட்டுட்டு நின்னிருக்கான். அவன் பேரைக் கேக்க வாய் வலிச்சுச்சோ? போ, கேட்டுட்டு வா." உச்சி வெயிலில் திரும்ப ஜங்ஷனுக்கு நடந்தேன். அன்றிலிருந்து யாரை எடுத்தாலும் பேரும் ஊரும் முதலில் நோட்டில் ஏறிவிடும்.

ரெண்டாவது சட்டம், காமிராவில் வைத்துப் படத்தை அழிக்கக் கூடாது. "ரோட்டுல நின்னு பாக்குறப்ப உனக்குக் கோவம் இருக்கும், பசி இருக்கும். ஆபீசுக்கு வந்து உக்காந்து பாரு. அப்பவும் பிடிக்கலேன்னா கழிச்சுப் போடு, அழிக்காதே." அதனால் என் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நாள் வேலைக்கும் ரெண்டு பெட்டி இருக்கும். ஒன்றில் அச்சுக்குப் போனது, இன்னொன்றில் 'கழிவு'. வருஷக் கடைசியில் ரெண்டையும் சி.டி. தட்டில் பதிந்து வைப்பேன். அப்போது இது கிறுக்குத்தனமாகத்தான் தெரிந்தது.

சரி, செய்முறை. பயல்கள் கேட்டது அதைத்தானே.

கூட்டத்தை ஓட விட்டு ஒருத்தரை மட்டும் நிறுத்தி எடுக்க, முதலில் காமிரா ஆடக் கூடாது. ஸ்டாண்டில் வைத்துத்தான் எடுக்க வேணும். கையால் அமுக்கினால் அந்த அமுக்கிலேயே ஆடிவிடும், அதனால் ரெண்டு வினாடி டைமர் போட வேணும். ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளி உணர்வை நூறுக்கு இறக்கி, லென்ஸ் துவாரத்தை நன்றாகச் சுருக்கிவிட்டால் காமிரா மெதுவாகக் கண் மூடும். எவ்வளவு மெதுவாக என்பதில்தான் சூட்சுமம். ரெண்டு வினாடி திறந்து வைத்தால் கூட்டம் மொத்தமும் கரைந்துபோய் மார்க்கெட் காலியாக இருந்த மாதிரி ஆகிவிடும். வினாடியில் அறுபதில் ஒரு பங்கு என்றால் எல்லாரும் உறைந்து நிற்பார்கள், யார் நின்றது, யார் நடந்தது என்றே தெரியாது. பஸ் ஸ்டாண்டில் பராக்குப் பார்த்து நடக்கிற கூட்டத்துக்கு அரை வினாடி வேணும். பூ மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்கள் நடக்க மாட்டார்கள், ஓட்டமும் நடையுமாகத்தான் போவார்கள். அவர்களுக்குக் கால் வினாடியே தாராளம்.

நிற்கிற ஆளுக்கும் சொல்லிக்கொடுக்க வேணும். மூச்சை இழுத்துப் பிடித்தால் தோள் ஏறும். மூச்சை விட்டுவிட்டு, அடுத்ததை இழுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடம் இருக்கிறதே, அங்கே நிற்க வேணும். யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. முக்கியமாக, படத்துக்குள் நிற்கிறவர் ஒருத்தராகத்தான் இருக்க வேணும். ரெண்டாவதாக ஒருத்தர் நின்றுவிட்டால் போச்சு, கண் இவரையும் பார்க்கும், அவரையும் பார்க்கும், படம் செத்துவிடும்.

அன்று காலையில் மார்க்கெட்டில் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் மலையாகக் குவிந்து கிடந்தன. நான் ஸ்டாண்டை விரித்துவிட்டு, நிற்கச் சொன்னால் நிற்கிற ஆளாகத் தேடினேன். வியாபாரி எவனும் நிற்பானா? ஒரு தூணோரமாகச் சீருடையில் ரெட்டைச் சடை போட்ட பிள்ளை ஒன்று தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தது.

"யாரைப் பார்க்குற பாப்பா?"

"எங்கப்பாவுக்குக் கஞ்சி கொண்டாந்தேன் சார். குடுத்துட்டு ஸ்கூலுக்குப் போகணும்."

"அப்பா வரட்டும். அதுவரைக்கும் செத்த நேரம் இங்கன வந்து நில்லு, படம் எடுக்குறேன். பேப்பர்ல வரும்."

பிள்ளை முகம் மலர்ந்தது. பேர் வளர்மதி, ஒன்பதாம் வகுப்பு, ஊர் அகரம். நோட்டில் எழுதிக்கொண்டேன். பாதையின் நடுவில், கூட்டம் ரெண்டாகப் பிரிந்து போகிற இடத்தில் நிறுத்தினேன். மூச்சு விஷயத்தைச் சொன்னேன். "அசையாதே, பேசாதே, யாரு என்ன சொன்னாலும் திரும்பாதே." கெட்டிக்காரப் பிள்ளை, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது.

அஞ்சாறு படம் எடுத்திருப்பேன். அடுத்ததற்கு டைமரை அமுக்கினேன். அமுக்கின மறு நொடி, தலையில் பச்சைத் துண்டைச் சும்மாடு கட்டி, செவ்வந்தி மூடை சுமந்து வந்த ஒரு ஆள், படத்துக்குள்ளேயே நட்டு வைத்த மாதிரி நின்றுவிட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"யோவ் பெருசு! நிக்காதய்யா! போ, போய்க்கிட்டே இரு!"

என் சத்தத்தில் பிள்ளை வெடுக்கென்று திரும்பியது. காமிரா தன் பாட்டுக்குக் 'கிளிக்' என்றது. அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். "திரும்பாதேன்னு சொன்னேன்ல?" என்று பிள்ளையையும் அதட்டினேன். அது ஒன்றும் சொல்லவில்லை. பேசாதே என்று சொன்னதும் நான்தானே.

அதற்கு நாலாவது கிளிக்கில் விழுந்ததுதான் சுவரில் இருக்கிற படம். பிள்ளை தூக்குவாளியோடு கூட்டத்துக்குள் ஓடிவிட்டது. யாரிடம் கொடுத்தது என்று நான் பார்க்கவில்லை. ஆபீசில் ஞானப்பிரகாசம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆளு யாரு?" "வளர்மதி சார், ஒன்பதாம் வகுப்பு, அகரம்." "இருக்கட்டும்." பொட்டலம் நகர்ந்தது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இது நடந்து பதிமூன்று வருஷம் ஆகிறது. சார் ஓய்வு பெற்று மதுரையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போன வருஷம் நானும் ஓய்வு பெற்றேன். இந்த வருஷம் ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழுது வீங்கின கண். கையில் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரப்படுத்தின ஒரு பேப்பர் துண்டு.

"சார், என்னயத் தெரியுதா? நான் வளர்மதி. அகரம்."

உட்காரச் சொன்னேன். ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருக்கிறாளாம். "அசையாதீங்க, மூச்சை அடக்குங்கன்னு நாள் பூரா சொல்லிக்கிட்டே இருக்கேன் சார். சொல்றப்பல்லாம் உங்க ஞாபகம் வரும்" என்று சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவளுடைய அப்பா செல்லையா நெஞ்சுவலி வந்து ரெண்டே நாளில் போய்விட்டார். அஞ்சு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். படத்திறப்பு வைக்க வேணும், துணியை விலக்கி மாலை போட வேணும். அப்பாவுக்குப் படம் இல்லை.

"அதெப்படிம்மா? போன்ல ஒண்ணுகூடவா இல்ல?"

"இருக்கு சார், எல்லாத்துலயும் பாதி ஆளு. மார்க்கெட்ல மூடை தூக்குனவரு. ஒருத்தரு நின்னா பின்னால வர்ற பத்துப் பேரு முட்டிக்குவாங்க, அதனால நிக்கவே கூடாதும்பாரு. அது வீட்டுலயும் ஒட்டிக்கிச்சு. காமிராவத் தூக்குனா வழியில நிக்கிறோமோன்னு ஒதுங்கிருவாரு. என் கல்யாண ஆல்பத்துல பூரா சாம்பார் வாளியும் அவரு முதுகுந்தான் இருக்கு. ஆதார் கார்டு படத்துல மொகம் பயந்துபோய் இருக்கு சார். அம்மா அதப் பாத்துட்டு, இது அவரே இல்ல, இத வச்சா நான் மாலை போடமாட்டேன்னுட்டாங்க."

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பேப்பர் துண்டை என் முன்னால் வைத்தாள். என் படம்தான். அவள் கல்லாய் நிற்கிறாள். அவளுடைய இடது தோளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த புகையில் ஒரு பச்சைக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுதான் எங்கப்பா. இத மட்டும் தெளிவா ஆக்கிக் குடுங்க சார். இப்பத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் செய்யுதாமே?"

முப்பத்தொரு வருஷம் அந்தக் கோடுகளைப் போடத்தானே உழைத்தேன்! ஆளை அழிப்பதில் கைதேர்ந்தவன் என்று பேர் வாங்கினேன். அந்தக் கோட்டில் ஒருத்தியின் அப்பா இருப்பார் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. 

கோட்டிலிருந்து முகத்தைக் கொண்டுவர முடியாது என்று தெரிந்தும், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அந்தத் துண்டைப் போனில் படம் பிடித்துத் தெரிந்த ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். ஏதோ ஒரு செயலியில் போட்டு அரை நிமிஷத்தில் ஒரு முகத்தை அனுப்பினார்கள். முறுக்கு மீசை, பளபளவென்று கன்னம், சினிமாவில் மாமனாராக வருகிற ஆள் மாதிரி. வளர்மதி போனை வாங்கிப் பார்த்தாள்.

"இது யாரு சார்?" என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "அன்னிக்கு ஒரே ஒரு தடவ நின்னாரு சார். நீங்கதான் சத்தம் போட்டு வெரட்டிட்டீங்க" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். எனக்குத்தான் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. பச்சைத் துண்டு, செவ்வந்தி மூடை, யோவ் பெருசு.

"அது... உங்கப்பாவா?"

"ஆமா சார். நீங்க பேசாதேன்னீங்களா, நான் சொல்லல. மொத தடவ நிக்காம போனாரு, ரெண்டாவது நடைக்கு என்னயப் பாத்துட்டு நின்னுட்டாரு. பேப்பர்ல வந்த கோடு அதுக்கடுத்த நடை."

"ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா மட்டும் விட்டிருப்பீங்களா சார்?"

விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு இருந்த திமிரில், அப்பாவா இருந்தா என்ன, தள்ளி நிக்கச் சொல்லு என்றுதான் சொல்லியிருப்பேன். அதை அவளிடமே ஒத்துக்கொண்டேன்.

அவளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுப் பரணில் ஏறினேன். பழைய பிஸ்கட் டின்னுக்குள் தட்டுகள் வருஷவாரியாக இருந்தன. அந்த வருஷத்துத் தட்டும் இருந்தது. போட்டுப் பார்க்கத்தான் மெஷின் இல்லை, இப்போது எந்தக் கம்ப்யூட்டரிலும் சி.டி. போடுகிற வாய் இல்லையே. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பழையது ஒன்று தூசி படிந்து கிடந்தது. தட்டைப் போட்டதும் கர்ர் கர்ர் என்று இழுத்தது, நின்றது. வெளியே எடுத்து வேட்டி முனையில் துடைத்துப் போட்டேன். மறுபடி நின்றது. கடைக்காரர் "கீறல் ஜாஸ்திண்ணே, விட்ருங்க" என்றார். இன்னும் ஒருதடவை, இன்னும் ஒரே ஒருதடவை என்று அவர் உயிரை வாங்கினேன். ஏழாவது தடவையோ என்னவோ, பெட்டிகள் திரையில் வந்தன. ஆயுத பூஜை, பூ மார்க்கெட், கழிவு. ஞானப்பிரகாசம் சார், நீங்க நல்லா இருக்கணும்.

மறுநாள் வளர்மதியை உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன்.

கூட்டம் முழுக்கப் புகை. பிள்ளை நின்ற இடத்திலும் புகைதான். திரும்பின வேகத்தில் முகமும் சடையும் வெள்ளை நீலமாய்க் கலைந்து கிடந்தன. அதற்குப் பக்கத்தில் செல்லையா நின்றார். பச்சைச் சும்மாடு, அதற்கு மேல் செவ்வந்தி மூடை, அதை ஒரு கை பிடித்திருக்கிறது. சட்டைப் பொத்தான், நரைத்த தாடி, கழுத்தில் ஒட்டின ஒரு பூவிதழ், எல்லாமே எண்ணி எடுக்கலாம் போலத் தெளிவு. என் சத்தம் அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. மகளைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார். அந்தக் கால் வினாடியில் மார்க்கெட்டில் அசையாமல் நின்ற ஒரே ஆள் அவர்தான்.

வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை. "உங்கப்பாவ மரியாதையில்லாம அதட்டிட்டேன், மன்னிச்சிரும்மா" என்றேன்.

"அட, விடுங்க சார். உன்னய நிக்க வச்சான், என்னய வெரட்டிட்டான்னு சொல்லிச் சொல்லி ஊரு பூராச் சிரிப்பாரு."

மூடையை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக் கொடுக்கவா என்று கேட்டேன், படத்திறப்புக்கு அப்படித்தான் செய்வார்கள். வேண்டாம் என்றாள். அவரை நடுவில் வைத்து அளவாக்கினால் ஓரத்தில் மிஞ்சுகிற புகையையாவது வெட்டிவிடவா என்றேன். அவள் திரையையே பார்த்தபடி, அதுவும் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

அன்றைக்கு மதுரைக்குப் போன் போட்டேன். சாருக்குக் காது மந்தம், கத்தித்தான் பேச வேணும். அந்த ஆயுத பூஜைக் கழிவிலிருந்து ஒரு படம் எடுத்தேன் சார் என்றேன். "ஆளு யாரு?" என்றார். "செல்லையா சார்! பூ மார்க்கெட்ல சுமை தூக்குனவரு! அகரம்!"  "பேரு கேக்க உனக்குப் பதிமூணு வருசமா அப்பு?" என்றார். "ஆமா சார்!" என்று கத்தினேன். "சரி, இருக்கட்டும்" என்றார்.

பதினாறாம் நாள் அகரத்துக்குப் போனேன். மார்க்கெட்டிலிருந்து சுமைக்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். துணியை விலக்கினதும் ஒரு பெரியவர் கிட்டே போய், செல்லையாவுக்குப் பின்னால் ஒரு மங்கலைக் காட்டி, "ஏலே, இந்தா இது நாந்தாண்டா! இவன் நின்ன நிப்புல நான்ல போயி முட்டுனேன்!" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயாலேயே ஓவென்று அழுதார். செல்லையாவின் மனைவி பொன்னுத்தாய் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தபடியே நின்றார். "இவருதான்" என்றார். மாலையைப் போட்டார்.

அப்போது சொந்தக்காரர் ஒருத்தர் என்னிடம் திரும்பி, "படம் அருமையா இருக்கு. ஆனா இந்த ஓரத்துல என்னமோ அழிஞ்சு தெரியுதே, இதச் சரி பண்ணியிருக்கலாமேங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பொன்னுத்தாய் பதில் சொன்னார்.

"அது எங்க வளரு. அசையாம நில்லுன்னாகளாம். அவுக அப்பாவச் சத்தம் போட்டு வையவும் திரும்பிட்டா."